மலை நடக்காது

விஜயதசமி காலையில் சாக்கோட்டை ரேடார் நிலையத்தின் கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்த விஞ்ஞானி ஹஸ்னாவுக்கு முதலில் கண்ணில் பட்டது சுத்தம். இரண்டு வருடமாக அந்தப் பொட்டலில் அவள் பார்க்காத சுத்தம். செம்மண் தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. எட்டு வரிசையாக நட்டிருந்த ஆன்டெனாக் கம்பங்கள் அத்தனைக்கும் சந்தனம், குங்குமம். கட்டுப்பாட்டு அறை வாசலில் இரண்டு வாழைக்கன்று. எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் அறைச் சுவரோரம் எந்நேரமும் கிடக்கிற கேபிள் சுருள்களைக் காணோம்.

"மாயண்ணே, இங்குட்டுக் கெடந்த சுருளெல்லாம் எங்கண்ணே?"

நிலையத்தின் எலெக்ட்ரீசியன் மாயக்கண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு வெளியே வந்தார். அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

"வாங்க மேடம். பாத்தீகளா, எப்பிடி வச்சிருக்கேன்னு?"

"சுருளு எங்கண்ணே?"

"அதா? பூசைக்கு முந்துன நாளு வெட்டி எடுத்துட்டேன். அம்புட்டும் உபரி வயரு மேடம். மொத வரிசை இந்தா, கூப்புடு தூரத்துல இருக்கு. அதுக்கு எதுக்கு அம்புட்டு நீளம்? எந்த வரிசைக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்ட வச்சுக்கிட்டு, மிச்சத்த நறுக்கிட்டு, புதுக் கனெக்டர் அடிச்சு மாட்டிட்டேன். சாமி கும்புடுற எடத்துல பாம்பு கணக்கா கெடந்தா நல்லாவா இருக்கு?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஆயுத பூஜை வந்துவிட்டால் கை சும்மா இராது. துடைக்க வேண்டியதைத் துடைப்பார்கள், துடைக்கக் கூடாததையும் துடைப்பார்கள். கம்ப்யூட்டர் கீபோர்டைச் சோப்புப் போட்டுக் கழுவி மொட்டைமாடியில் காயவைத்த கணக்குப்பிள்ளை ஒருவர் தேவகோட்டையில் இன்னும் சௌக்கியமாக இருக்கிறார். ஆனால் இரண்டு வருட உழைப்பைச் சந்தனம் தடவி வெட்டிய ஆள் மாயக்கண்ணன் ஒருவர்தான்.

"தொடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேண்ணே."

"மழ நாள்ல தொட்டா ஷாக் அடிக்கும்னு சொல்றீகன்னுல்ல நெனச்சேன்" என்றார் அவர். பெருமை கொஞ்சம் வடிந்திருந்தது.

ஹஸ்னா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யா அல்லா, இன்றைக்கா இது நடக்க வேண்டும்?

அந்தச் சுருள்களின் சங்கதி இதுதான். கட்டுப்பாட்டு அறை மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. முதல் வரிசை அறைக்குப் பக்கத்தில், எட்டாம் வரிசை மேற்குக் கோடியில். தூரம் எப்படி இருந்தாலும் எட்டு வரிசைக்கும் ஒரே நீளக் கேபிள்தான் போட வேண்டும். அப்போதுதான் அறையிலிருந்து கிளம்பும் துடிப்பு எட்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்து, எட்டும் ஒன்றாக, நெட்டுக்குத்தாக வானத்தைத் தட்டும். தேர் வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லாரும் ஒருசேர இழுத்தால் தேர் நேரே போகும், ஒரு பக்கத்தார் முந்தினால் தேர் திரும்பிக்கொள்ளும். பக்கத்து வரிசைகளுக்கு மிஞ்சிய நீளத்தைத்தான் சுருட்டி வைத்திருந்தார்கள். அதில் கை வைக்கக்கூடாது என்பது தலைமை ஆய்வகத்தின் கட்டளை. ஹஸ்னாவே அதைத் தொட்டதில்லை.

தட்டிய துடிப்பு மேலே போய், காற்று எங்கே கொந்தளிக்கிறதோ அங்கே பட்டு, துளியூண்டு திரும்பி வரும். திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து உயரத்தைச் சொல்லிவிடலாம். ஹஸ்னாவுக்கு வேண்டியது எழுபது கிலோமீட்டருக்கு மேலே இருக்கிற காற்று. அது ஒரு வேடிக்கையான இடம். அங்கே பலூன் ஏறாது, செயற்கைக்கோள் இறங்காது. கீழே இடி மழையிலும் மலைமுகட்டிலும் கிளம்புகிற காற்றலைகள் ஏறி ஏறி அங்கே போய்த்தான் உடைகின்றன. உடைந்து, டீக்கடைக்காரர் ஆற்றுகிற டீயைப் போல நுரைத்துப் புரளுகின்றன. அந்தப் புரளலைத் தரையிலிருந்து நாள் முழுக்கப் பார்க்க வேண்டுமானால் எதிரொலியைத்தான் நம்ப வேண்டும். இதற்காகவே துபாய் வேலையை விட்டு ஊருக்கு வந்தவள் அவள். "வானத்துல என்னத்தடி தேடுற?" என்று அம்மா சைதுன் பீவி கேட்காத நாளில்லை.

இரண்டு வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை. போன வாரம் கிடைத்தது. தினமும் உச்சி வெயிலில், எழுபத்தோரு கிலோமீட்டரில், ஒரு மெல்லிய பட்டை. அவள் அன்று மாயக்கண்ணனுக்கும் காவலுக்கு வந்த நாய்க்கும் சேர்த்துப் பிரியாணி வாங்கிப் போட்டாள்.

மதுரைத் தலைமை ஆய்வகத்தின் இயக்குநர் பாண்டியராஜன் அந்தப் பட்டையின் படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் ஒரே வார்த்தை சொன்னார்.

"அழகர்மலைம்மா அது."

மேலே பார்த்து அனுப்புகிற துடிப்பு ஓரத்தில் கொஞ்சம் கசியும். கசிந்தது தரையோடு போய் மலையில் மோதித் திரும்பும். சாக்கோட்டைக்கு நேர் மேற்கே அழகர்மலையும் கிட்டத்தட்ட அதே தூரம். இரவில் மரம் அசையாமல் நிற்கும், அசையாததை ரேடாரே கழித்துவிடும். பகலில் காற்றுக்கு மரம் ஆடும், ஆடுவது கொந்தளிப்பு மாதிரியே தெரியும். "வானத்துல உள்ளது எதும்மா ஒரு வாரம் ஒரே எடத்துல குத்த வச்சிருக்கும்?" என்று கேட்டார். விஜயதசமிக்கு இளையாத்தங்குடிப் பக்கம் சொந்த ஊருக்கு வருகிறவர், அப்படியே நிலையத்துக்கும் வந்து நேரில் பார்ப்பதாகச் சொன்னார். அது மலைதான் என்றால் ரேடாரைக் கழற்றி, கீழ்க்காற்றை அளக்க வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த விஜயதசமிதான் இன்று.

இதைத் தீர்க்க வழி இல்லாமல் இல்லை. ரேடாரின் அலைக்கற்றையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் போதும். அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. பெட்டி வேண்டும் என்று அவள் இரண்டு வருடமாகக் கேட்கிறாள். முதலில் எதையாவது பிடித்துக் காட்டு, அப்புறம் பெட்டி என்கிறார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

"வெட்டுன துண்டெல்லாம் எங்கண்ணே வச்சிருக்கீக?" ஹஸ்னா எழுந்தாள்.

"சரஸ்வதி படத்துக்கு முன்னால, மேடம். தூக்கிப் போட மனசு வரல."

அறைக்குள் பொரி, அவல், சுண்டல், பழம் எல்லாம் பரப்பியிருந்தது. கத்தி, ஸ்க்ரூட்ரைவர், பிளையர், மல்டிமீட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம். அவற்றுக்கு முன்னால் ஏழு கேபிள் சுருள்கள். மாயக்கண்ணன் அவற்றைக் கொலு மாதிரி பெரிசிலிருந்து சிறிசு வரை வரிசையாக அடுக்கியிருந்தார். முதல் வரிசையில் வெட்டியது பெரிய சுருள், ஏழாம் வரிசையில் வெட்டியது சின்னச் சுருள். எட்டாம் வரிசைக்கு மிச்சமே இல்லை, அதனால் வெட்டும் இல்லை.

ஹஸ்னா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு சுருளும் அடுத்ததைவிட ஒரே அளவு பெரிது. அப்படியானால் ஒவ்வொரு வரிசையும் அடுத்த வரிசையைவிட ஒரே அளவு முந்தும். கிழக்கு முந்தும், மேற்கு பிந்தும். தேர் திரும்பும்.

"அண்ணே" என்றாள். "அண்ணே, இது சாஞ்சிருச்சு."

"எது மேடம்?"

"ரேடாரு. மேக்க சாஞ்சிருச்சு. நீங்க சாச்சுட்டீக."

மாயக்கண்ணன் பதறிப்போய் வெளியே ஓடிக் கம்பங்களைப் பார்த்தார். ஒன்றும் சாயவில்லை. ஹஸ்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அழவேண்டிய நேரத்தில் வந்த சிரிப்பு. தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிரசாதத் தட்டுக்குப் பக்கத்தில் காகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டாள். ஆறு பாகைக்குக் கொஞ்சம் குறைவு. போதும், தாராளமாகப் போதும்.

வாசலில் கார் வந்து நின்றது.

பாண்டியராஜன் வேட்டி சட்டையில் வந்திருந்தார். கையில் பலகாரத் தூக்குவாளி. வாழைக்கன்றையும் சந்தனத்தையும் பார்த்து, "பேஷ், ரேடாருக்குச் சடங்கு சுத்திட்டீகளா?" என்றார்.

மறைத்துப் பேச ஹஸ்னாவுக்கு வராது. நடந்ததை அப்படியே ஒப்பித்துவிட்டாள். அவர் முகம் சிவந்தது, மாயக்கண்ணனைப் பார்த்தார், சுருள்களைப் பார்த்தார், ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"திட்டுறத அப்பறம் திட்டுங்க சார். இப்ப ஒண்ணே ஒண்ணு கேளுங்க. நம்ம ஸ்கிரீன்ல நடுவுல ஒரு கோடு இருக்குல்ல? எதிரொலி அந்தக் கோட்டுக்கு இடது பக்கம் விழுந்தா அது நம்மள விட்டு விலகிப் போகுதுன்னு அர்த்தம். வலது பக்கம் விழுந்தா கிட்ட வருதுன்னு அர்த்தம். இத்தன நாளும் நடுக்கோட்டுலதான் விழுந்துச்சு. நேர் மேல பாத்தோம். காத்து குறுக்கால போகும், வரவும் செய்யாது போகவும் செய்யாது. மரமும் அப்பிடித்தான், அங்குட்டும் இங்குட்டும் ஆடும், கூட்டிக் கழிச்சா நடுக்கோடுதான். ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சதால நீங்க மலைன்னீக, நான் வானம்னேன்."

"சரி."

"இப்ப கற்றை மேக்க சாஞ்சிருக்கு. மேல உள்ள காத்தா இருந்தா, அது ஒண்ணு போகணும், இல்ல வரணும். நடுக்கோட்டுல நிக்கக்கூடாது. மலையா இருந்தா நடுவுலயே நிக்கும். மரம் ஆடலாம் சார். மலை நடக்காது."

பாண்டியராஜன் கெட்டிக்காரத்தனத்தை ரசிக்கத் தெரிந்த மனிதர், ஆனால் அதற்கு மயங்கிவிடுகிறவர் அல்ல.

"நடுவுலயே நின்னுச்சுன்னா?"

"நானே கழட்டித் தர்றேன் சார்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் அவளுக்குத் தெரிந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று.

ரேடாரைப் போட்டார்கள். திரையில் வெறும் புள்ளிமழை. அதற்குக் கவலைப்பட ஒன்றும் இல்லை, வெயில் ஏற வேண்டும். சூரியன் சுட்டெரித்து அந்த உயரத்துக் காற்றில் கொஞ்சம் மின்சாரம் ஏற்றினால்தான் கொந்தளிப்பு ரேடார் கண்ணுக்குத் தெரியும். பாண்டியராஜன் தூக்குவாளியைத் திறந்து அதிரசத்தை எடுத்து நீட்டினார். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டே தின்றார்கள்.

வெயில் ஏறியது. தகரக் கூரை சடசடவென்று நெளிந்தது.

முதலில் மாயக்கண்ணன்தான் பார்த்தார். "அந்தா, என்னமோ பூத்திருக்கு பாருங்க."

எழுபத்தோரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஒரு கறை. கொஞ்சம் கொஞ்சமாக அடர்ந்தது. பட்டையாக நீண்டது. ஹஸ்னா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பட்டை நடுக்கோட்டில் இல்லை. கோட்டுக்கு இடது பக்கம், யாரும் மறுக்க முடியாத அளவுக்குத் தள்ளி, தனியாக நின்றது.

"போகுது" என்றாள் அவள். "சார், போகுது. மேக்க பாத்துப் போயிட்டிருக்கு."

மாயக்கண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவருக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. ஆனாலும் தப்பித்துவிட்டோம் என்பது முழுசாகப் புரிந்தது.

பாண்டியராஜன் மட்டும் அசையவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உக்காரும்மா. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. இது வெட்டுன வயரு. பூசைக்கு முந்துன நாளு கனெக்டர் அடிச்சது. உள்ளுக்குள்ள ஏதாச்சும் கோளாறு இருந்து, நடுவுல விழ வேண்டியத இடது பக்கம் தள்ளிக் காட்டுச்சுன்னா? கோளாறான தராசு எல்லாத்தையும் ஒரு பக்கமாத்தான் காட்டும்."

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விதான் உலகத்திலேயே எரிச்சல் மூட்டுவது. ஹஸ்னா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன செஞ்சா ஒத்துக்குவீக?"

"எதிர்ப்பக்கம் சாச்சுக் காட்டு. கெழக்க, தொண்டிக் கடல் பக்கம். ரோட்டுல நிக்கிறோம், ஒரு பக்கம் திரும்புனா பஸ்ஸு போகுது. மறுபக்கம் திரும்புனா வரணும்ல? அதே காத்து, அதே பட்டை. இடது பக்கம் விழுறது வலது பக்கம் விழணும். எந்தக் கோளாறும் அப்பிடித் திருப்பிப் போட்டுக் காட்டாது. அதுக்கு மேல நான் வாயத் தொறக்கல."

"எப்ப?"

"அது நீ சொல்ல வேண்டியது. பட்டை எம்புட்டு நேரம் நிக்கும்?"

வெயில் சாய்ந்ததும் பட்டை கரைந்துவிடும். நாளைக்கு வரும் என்று எந்தச் சத்தியமும் இல்லை. நாளைக்கு அவர் மதுரைக்குப் போய்விடுவார், போனால் அவர் எழுதப்போவது பாதி சந்தேகத்தோடுதான் இருக்கும். பாதி சந்தேகம் போதும், ரேடாரைக் கழற்ற.

ஹஸ்னா மறுபடி காகிதத்தை எடுத்தாள். பெரிய சுருளைத் திரும்ப ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. துடிப்பு அலை ஒரு சுற்று முழுசாகப் பின்தங்கினால் பின்தங்காததற்குச் சமம். ஆகவே கையளவு, முழ அளவுத் துண்டுகள் போதும். முதல் வரிசைக்கு நீளமான துண்டு, அடுத்ததற்குக் கொஞ்சம் குறைவு, அடுத்ததற்கு இன்னும் குறைவு. எட்டாவதற்கு ஒன்றும் வேண்டாம். அப்போது கிழக்கு பிந்தும், மேற்கு முந்தும்.

"மாயண்ணே, ஏழு துண்டு வெட்டணும். நான் அளந்து தர்றேன். கத்தியையும் கிரிம்பிங் பிளையரையும் எடுங்க."

மாயக்கண்ணன் நகரவில்லை. தலையைச் சொறிந்தார்.

"அது பூசையில இருக்கு மேடம்."

"அதான் எடுங்கங்கிறேன்."

"மறுபூசை போட்டுப் பிரிக்காம எப்பிடித் தொடுறது? அய்யா வந்ததும் போடலாம்னுதான் வச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் மலை, காத்துன்னு ஆரம்பிச்சுட்டீக."

வெட்டக் கூடாததை வெட்டத் தயங்காத மனிதர், வெட்ட வேண்டிய நேரத்தில் கத்தியைத் தொடத் தயங்கி நின்றார். ஹஸ்னாவுக்குக் கோபம் வரவில்லை. அவளைப் பெற்ற அத்தா தேவகோட்டையில் மெக்கானிக் பட்டறை வைத்திருந்தவர். அவருடைய பட்டறை ஆட்கள் ஆயுத பூஜைக்குப் பிறகு மறுபூசை போடாமல் ஸ்பேனரைத் தொட்டதில்லை, அவரும் தொடச் சொன்னதில்லை.

"அப்ப இப்பவே பிரிங்கண்ணே. வெரசா."

மறுபூசை நடந்தது. சாக்கோட்டை வட்டாரத்தில் அவ்வளவு அவசரமாக ஒரு மறுபூசை நடந்திருக்காது. மாயக்கண்ணன் சூடம் ஏற்றினார், பாண்டியராஜன் தேங்காயை உடைத்தார், ஹஸ்னா ஒரு கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு மணியை ஆட்டினாள். "தொட்டது தொலங்கட்டும்" என்று சொல்லி மாயக்கண்ணன் கத்தியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, உடனே திரும்ப வாங்கிக்கொண்டார். ஆரம்பம் அவள் கையால் இருக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க ஊரே வந்திருக்கலாம். ஹஸ்னா தரையில் அளவுநாடாவைப் பிடித்துக் குறி போட்டாள். மாயக்கண்ணன் வெட்டினார், தோலைச் சீவினார், கனெக்டரைச் செருகி நெறித்தார். சும்மா சொல்லக்கூடாது, கை சுத்தமான கை. வேர்வை மூக்கு நுனியில் சொட்டச் சொட்ட ஒன்றும் பிசகவில்லை. துண்டு முடிய முடிய பாண்டியராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை எடுத்துப் போய் அந்தந்த வரிசையில் மாட்டி முறுக்கினார். செருப்பைத் தாண்டிச் செம்மண் சுட்டது. "இத்தன வருசத்துல ஆபீஸ்ல உக்காந்து கையெழுத்துதான் போட்டிருக்கேன்" என்று மூச்சிரைக்கச் சொன்னார். அந்த மூச்சிரைப்பிலும் அவர் குரலில் ஒரு குஷி இருந்தது.

கடைசித் துண்டும் மாட்டியாயிற்று. மூன்று பேரும் அறைக்குள் ஓடினார்கள். ஹஸ்னா ரேடாரைப் போட்டாள்.

ஒன்றும் இல்லை.

புள்ளிமழை மட்டும். இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. எழுபத்தோரு கிலோமீட்டரில் துடைத்துவிட்டது போல வெறுமை. அவள் மறுபடி மறுபடி பார்த்தாள். பட்டை கரைந்துவிட்டதா? வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டுதானே இருக்கிறது? இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு கிட்டத்தில் வந்து.

பாண்டியராஜன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் அசட்டுத்தனமாக, "மூணாவது வரிசை… சூடு தாங்காம அரைகொறையா முறுக்கிட்டு வந்துட்டேனோன்னு இருக்கு" என்றார்.

ஹஸ்னா வரிசைகளின் அளவுமானியைப் பார்த்தாள். மூன்றாவது மட்டும் இல்லை, நான்காவதும் செத்துக் கிடந்தது. இரண்டு வரிசை ஊமையானால் இத்தனை மெல்லிய எதிரொலி எங்கே கேட்கப்போகிறது?

"சார், மூணும் நாலும்" என்று அவள் முடிக்கும் முன்னால் அந்த மனிதர் ஓடினார். செருப்பைக்கூட மாட்டவில்லை. வெறுங்காலோடு, வேட்டி பறக்க, கம்பங்களுக்கு நடுவே குனிந்து முறுக்கினார். "இப்ப?" என்று அங்கிருந்தே கேட்டார். மாயக்கண்ணன் வாசலில் நின்று, "மூணு வந்துருச்சு அய்யா, நாலு, நாலு" என்று கையை வீசினார். மறுபடி முறுக்கினார். "இப்ப?"

பதில் வரவில்லை. பாண்டியராஜன் நிமிர்ந்து பார்த்தார். மாயக்கண்ணன் வாசலை விட்டு உள்ளே போயிருந்தார்.

திரையில் பட்டை வந்திருந்தது. நடுக்கோட்டுக்கு வலது பக்கம்.

போய்க்கொண்டிருந்தது வந்துகொண்டிருந்தது. அதே உயரம், அதே வேகம், எதிர்ப்பக்கம். எழுபத்தோரு கிலோமீட்டருக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்கே காற்று ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுவதை இந்தப் பொட்டலில் இருந்துகொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மலையும் இல்லை, மரமும் இல்லை, கோளாறும் இல்லை. பட்டை சும்மாவும் நிற்கவில்லை. நடுவில் பிளந்து இரண்டாகி, இரண்டும் நெளிந்து மறுபடி ஒன்றில் ஒன்று சுருண்டது. உடைகிற அலை. காற்று புரள்வதை அவள் கண்ணால் கண்டுவிட்டாள். சந்தோஷம் தாங்கமுடியவில்லை. "வந்துருச்சுண்ணே, வந்துருச்சு" என்று மாயக்கண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். முப்பத்து மூன்று வயதுப் பெண், வெட்கமே இல்லாமல் குதித்தாள். மாயக்கண்ணனும் கூடக் குதித்தார்.

பாண்டியராஜன் உள்ளே வந்து, அவர்களுக்குப் பின்னால் நின்று, நெடுநேரம் திரையைப் பார்த்தார். பட்டை பிளப்பதைப் பார்த்தார், சுருள்வதைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஹஸ்னாவின் குதிப்பு நின்றது. இன்னும் என்ன? இன்னும் எந்தப் பக்கம் சாய்க்கச் சொல்லப்போகிறார்? அவள் பின்னாலேயே வாசலுக்குப் போனாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, புழுதி படிந்த வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்தபடி, வேப்பமரத்து நிழலில் நின்று வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எல போட வேணாம்… இல்ல, மதுரைக்கும் நாளைக்குப் போகல. ரெண்டு மூணு நாளு இங்கனதான் இருப்பேன். மாத்து வேட்டியும் அந்தத் தலகாணியும் குடுத்து விடு… என்னத்த மூடுறது? மூடத்தான் வந்தேன். நீ வந்து பாக்கணும், அம்புட்டு அழகா இருக்கு."

ஹஸ்னாவுக்கு அழுகை வந்தது. அழுதாள். யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் அவளுக்கு அக்கறை இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். பட்டை இன்னும் நின்றிருந்தது, வெயில் இன்னும் மிச்சம் இருந்தது.

"மாயண்ணே, சாருக்கும் ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்க" என்றாள்.